முந்திக்கொண்ட சிரிப்பு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகமே. அண்ணன் மேடையில் பேசியதெல்லாம் பதிவில் இருக்கிறது, வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம். அன்று என் ஒலிப்பதிவு அறையில் அண்ணி பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை.

அண்ணன் மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்கவைத்தவன். அவன் இறந்தபின் கடைசி நிகழ்ச்சியை ஆல்பமாக வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்தது. அண்ணி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

“என் சிரிப்பை மட்டும் எடுத்துடு தம்பி. அந்த மானக்கேடு காலத்துக்கும் நிக்க வேண்டாம்.”

அண்ணிக்கு எல்லா ஜோக்கும் மனப்பாடம். முடிவு வருவதற்குள் சிரித்துவிடுவார். கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் பீறிட்டு வந்துவிடும். வீட்டுக்குப் போனதும் அண்ணன் குதிப்பான்: “முந்திரிக்கொட்டை! நான் பொழைக்கவா வேண்டாமா?”

சொன்னபடி சிரிப்பையும், அதோடு கலந்த சலசலப்பையும் எடுத்தேன். ஆனால் அண்ணன் விடும் இடைவெளியை நான் சுருக்குவதில்லை. அது அவனுடையது. பிறகு அண்ணியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

“டாக்டர் என்னைக் கோபமே படக்கூடாதுன்னுட்டார். வீட்ல வந்து பொண்டாட்டிகிட்ட சொன்னேன்...” என்கிறான் அண்ணன். பிறகு மௌனம். நீண்ட மௌனம். அப்புறம்தான், “‘கவலைப்படாதீங்க, உங்க பங்கையும் நானே பட்டுக்கறேன்’னா.”

அண்ணியின் முகம் மாறியது. “ஏன் இப்படி நிக்கறார்? மறந்துட்டாரா?”

“மறக்கல அண்ணி. அங்கதான் நீங்க சிரிச்சீங்க.”

எடுத்ததைத் திரும்ப வைத்துப் போட்டேன். பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு. எல்லோரும் திரும்பிப் பார்க்கும் சலசலப்பு. அண்ணன் அது அடங்கக் காத்திருந்து முடிவைச் சொல்ல, அரங்கம் அதிர்கிறது.

“வேணும்னேவா நின்னார்?”

“நீங்க வராத ஊர்ல நிக்கவே இல்ல. கேளுங்க.”

அண்ணி போகாத ஓர் ஊரின் பதிவைப் போட்டேன். அதில் அதே ஜோக் ஒரே மூச்சில் ஓடியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரித்தார்கள்.

அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அப்புறம் எதுக்கு வீட்ல அந்தக் கத்து கத்தினார்?”

“கத்தினாதானே அடுத்த தடவை அடக்கிப் பார்ப்பீங்க. அடக்கினாதானே அப்படி வெடிக்கும்.”

“ஃப்ராடு!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சம்பளம் இல்லாம வேலை வாங்கியிருக்கார் பாரு. சொல்லியிருந்தா முன்வரிசையிலேயே உக்காந்திருப்பேனே.” கொஞ்சம் பொறுத்து, “அப்படியே விட்டுடு தம்பி. மறந்துபோய் நின்னார்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது” என்றார்.

எழுந்து போகும்போது, என்னிடமா அண்ணனிடமா என்று தெரியாதபடி, “நல்லா இருங்க” என்றார். எனக்கும் அதையேதான் சொல்லத் தோன்றியது, அவனிடமும் அவரிடமும்.

ஆல்பம் அப்படியே வந்தது. ஓரளவு விற்றது. நிறுவனம் பிறகு கை மாறிவிட்டது. அண்ணி தன் பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். நான் அதே அறையில் விளம்பரங்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.