மெத்தைக்கு வந்த துள்ளல்

தடாலென்று ஒரு சத்தம். கூடவே "ஐயோ அம்மா" என்று ஓர் அலறல். அப்புறம் வைக்கோல் போர் சரிகிற சரசரப்பு.

பட்டறையில் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த லாடக்காரர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். பயிற்சித் திடலின் ஓரத்தில் இருந்த வைக்கோல் போரிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. புதன்கிழமைதோறும் குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வரும் பல் டாக்டரின் கால்கள். அவை ஆடின. ஆகவே உயிருக்கு ஒன்றும் இல்லை.

அவரைச் சுமந்துகொண்டிருந்த குதிரையைத்தான் காணோம். அது வேலியைத் தாண்டி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாலைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறை வாசலுக்கு வந்து நின்றது. ஆணியில் தொங்கிய லாடக்காரரின் துணிப்பையை மூக்கால் ஆசையாக முட்டியது.

"போ அந்தப் பக்கம். மானத்தை வாங்காதே," என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் காதில் சொன்னார்.

குதிரையின் பெயர் மெத்தை. சும்மா வைத்த பெயரில்லை. அந்தக் குதிரைப் பள்ளியில் முதன்முதலாகச் சேணத்தில் ஏறுகிற எல்லாரையும் அதன் முதுகில்தான் உட்கார வைப்பார்கள். பயந்து போய் ஏறிய ஒருவர் இரண்டாவது சுற்றில் குறட்டை விட்ட கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த நிதானத்துக்குக் காரணம் லாயத்தின் சட்டம். தாண்டிக் குதிக்கிற குதிரைகளுக்கு ஓட்ஸ். கற்றுக்கொடுக்கிற குதிரைக்கு வெறும் உலர்ந்த புல். அதற்கு ஒரு பிடி தானியம்கூடக் காட்டக் கூடாது. காட்டினால் நாலு காலிலும் ஸ்பிரிங் முளைத்துவிடும். லாயத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். லாடக்காரருக்கும் தெரியும். வம்பே அதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர் டாக்டர் லாடக்காரரின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "கொழுப்பு கூரையைத் தொடுது. இனிமே காலையில ஓட்ஸ்தான்," என்று சொல்லிவிட்டார். சொன்னது யாரிடம்? அவர் மனைவியிடம். அந்த அம்மாள் அதே பள்ளியில் குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் குதிரைகளே வரிசையில் நிற்கும். புருஷன் எந்த மூலைக்கு?

போதாக்குறைக்கு லாயத்துக்குப் பின்னால் இருக்கிற ஓட்ஸ் வயல் அவளுடைய அண்ணனுடையது. மெல்லிய காம்புகளில் மணிகள் தலைகீழாகத் தொங்கி, காற்றடித்தால் வயல் முழுக்கச் சலசலக்கும். அதில் அவர் எதையும் வீணாக்க மாட்டார். உமியோடு இருக்கிற மணி குதிரைக்கு. உமி நீக்கி, வேகவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கியது மனிதனுக்கு. மாவாக அரைத்தது ரொட்டிக் கடைகளுக்கு. வைக்கோல் லாயத்தில் படுக்கை. உமி தலையணைக்கு. மிச்சம் சிந்துவது அவருடைய கோழிகளுக்கு.

"மச்சான் வீட்டுல மனுஷன், குதிரை, கோழி எல்லாருக்கும் ஒரே பந்தி," என்று லாடக்காரர் முணுமுணுப்பார். முதல் நாள் கிண்ணத்தைப் பார்த்ததும் மனைவியிடம் நேராகவே சொன்னார். "நான் லாடம் அடிக்கிறவன். லாடம் கட்டிக்கிறவன் இல்லை."

"கட்டிவிட ரொம்ப நேரம் ஆகாது. சாப்பிடுங்க," என்றாள் அவள்.

சாப்பிட்டார். நனைந்த காகிதத்தை விழுங்குகிற மாதிரி இருந்தது. மறுநாள் ஒரு யோசனை வந்தது. "பச்சையாவே ஒரு பையில போட்டுக் குடு. பட்டறையில வெந்நீர் இருக்கு, ஊத்திச் சூடா சாப்பிட்டுக்கறேன்," என்றார். கொடுத்தாள். பை நேராக மெத்தையின் வாய்க்குப் போயிற்று. லாடக்காரர் நேராக வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய் இரண்டு பன் சாப்பிட்டார். கொஞ்சம் பழுப்பாக, கொஞ்சம் கரகரவென்று இருந்தது. "உலகத்துல இதுக்கு ஈடு உண்டா?" என்று அவர் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லாமல் கிளாஸைக் கழுவிக்கொண்டிருப்பார்.

பை தினமும் காலியாக வீடு திரும்பியது. "பரவாயில்லையே, பிடிச்சுப் போச்சா? நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கறேன்," என்றாள் மனைவி. பை பெருத்தது. அடுத்த வாரம் இன்னும் பெருத்தது. கடைசியில் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். நடுவில் டாக்டரிடம் போனபோது அவர் தாளைப் பார்த்துக் குதூகலித்தார். "பார்த்தீங்களா, கொழுப்பு இறங்கிடுச்சு. ஓட்ஸ் ஓட்ஸ்தான்." லாடக்காரர் அடக்கமாகத் தலையாட்டினார். டாக்டர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பல் டாக்டரை வைக்கோலிலிருந்து உருவி எடுத்து நிற்க வைத்தார்கள். காதிலும் காலரிலும் வைக்கோல் செருகியிருந்தது. முதலாளி வந்தார். வேலியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

"இந்த மாசத்துல இது மூணாவது ஆள். போன வாரம் அந்த வக்கீலம்மா தொட்டியில விழுந்தாங்க. இனிமே இதை வச்சுக்க முடியாது. மரக் கிடங்குல வண்டி இழுக்க ஒரு குதிரை கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாயங்காலம் லாரி வரச் சொல்றேன்."

"அதுக்கு இழுத்துப் பழக்கம் இல்லைங்க," என்றாள் லாடக்காரரின் மனைவி.

"பழக்குவாங்க."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. மெத்தையைக் கொட்டடிக்குள் கூட்டிக்கொண்டு போய், பிரஷ்ஷை எடுத்துக் கழுத்திலிருந்து மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் முதன்முதலாகப் பாடம் எடுத்தது அந்தக் குதிரையை வைத்துத்தான். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

மச்சான் வேலியில் சாய்ந்துகொண்டு ஆராய்ச்சி செய்தார். "எனக்கென்னவோ குதிரை மேல தப்பு இல்லைன்னு படுது மாப்பிள்ளை. பல் டாக்டரை இவ்வளவு கிட்டத்துல பார்த்தா யாருக்குமே ஓடத் தோணும்."

லாடக்காரர் தோளில் கிடந்த துணிப்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? பசியா? உங்க பையிலதான் மூட்டை ஓட்ஸ் இருக்குமே."

சாயங்காலம் லாரி வந்தது. பின்கதவு பலகை இறங்குகிற சத்தம் கேட்டதும் லாடக்காரர் பட்டறையை விட்டு வெளியே வந்தார். சொன்னால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் இனி அந்தக் காலி கொட்டடியை எப்படிக் கடந்து போவது? மெத்தை பலகையில் முன்னங்காலை வைத்துவிட்டு, திரும்பி அவரைப் பார்த்துச் செல்லமாகக் கனைத்தது. பழகின சிநேகிதனாயிற்றே.

"நிறுத்துங்க," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குதிரைக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்லை. வயித்துல ஓட்ஸ் இருக்கு. ரெண்டு மாசமா நான்தான் போட்டேன். எனக்கு வீட்டுல குடுத்தது." துணிப்பையைக் கழற்றித் தரையில் கொட்டினார். பலகையில் முன்னங்காலை வைத்திருந்த மெத்தை இப்போது லாரிக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்து அதை மேயத் தொடங்கியது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "லாயத்துச் சட்டம் தெரிஞ்ச ஆள் செய்யற வேலையா இது?"

"நாக்குக்குச் சட்டம் தெரியலைங்க."

"சரி. ரெண்டு வாரம் புல்லைத் தவிர எதுவும் கூடாது. அடங்கினா இருக்கட்டும். இல்லேன்னா மறுபடியும் லாரி." லாரிக்காரர் வைதுகொண்டே பலகையை மூடினார்.

லாடக்காரர் மனைவியைப் பார்த்தார். இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி வெளிறி, தரையில் சிந்தியிருந்த ஓட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் தானாகவே கொட்டடி வாசலில் முக்காலி போட்டு, மெத்தையின் கண் முன்னாலேயே ஓட்ஸைத் தின்றார். உப்பும் மிளகும் தூவிப் பார்த்தார். அவ்வளவு மோசமில்லை. மெத்தை முதல் சில நாள் அவரை முறைத்தது, தரையை உதைத்தது, அப்புறம் பெருமூச்சு விட்டுப் புல்லுக்குத் திரும்பியது. கெடு முடிந்த புதன்கிழமை, பல் டாக்டர் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு சேணத்தில் ஏறினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் டாக்டர் கொட்டாவி விட்டார். முதலாளி இருக்கட்டும் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

வேலியோரம் நின்ற மனைவியின் பக்கத்தில் லாடக்காரர் மெல்லப் போய் நின்றார்.

"அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாம். இப்படி மௌனமா இருந்து கொல்லாதே. அதுக்கு ஓட்ஸ் கொடுத்தவன் நான்தான், தப்பு முழுக்க என்னோடது."

"முழுக்க இல்லைங்க." அவள் திடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சாப்பிடலைன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். அண்ணன் கோழிக்குத்தான் போடறீங்கன்னு நெனச்சேன். எத்தனை நாள் சுமக்கறார் பார்க்கலாம்னு வேணும்னே மூட்டையைப் பெருசாக்கினேன்."

அவர் வேலிக் கம்பை இறுகப் பிடித்தார். "சாப்பிடலைன்னு தெரிஞ்சும் எப்படி சும்மா இருந்தே? டாக்டர் அவ்வளவு பயமுறுத்தினாரே."

மனைவி இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"டீக்கடையில ஈடே இல்லைன்னு தின்னீங்களே, அந்தப் பன்னுக்கு மாவு யாரு அரைச்சுக் குடுத்ததுன்னு எங்க அண்ணனைக் கேளுங்க."