நல்லாருக்கு

அவர் பல் செட் செய்கிறவர். மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால், பட்டறையில் மெழுகும் அரமுமாக உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் வரிசை கட்டுவார். தெருவில் எல்லாருக்கும் அவர் 'பல்லு மாமா'. வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் தூரிகையை எடுத்துவிடுவார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; வரையச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

மனைவி தையல்காரி. படம் முடிந்ததும் அவர் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நிற்பார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, "நல்லாருக்கு" என்பாள். நிமிரமாட்டாள். அவரும் அது போதும் என்பதுபோலப் போய்விடுவார்.

ஒருமுறை நூலகத்தில், உள்ளூர்க்காரர்களின் படங்களை மாட்ட ஒரு சுவர் ஒதுக்கினார்கள். அவர் கொடுத்தது, ஜன்னலோரம் ஒரு பெண் துணி வெட்டும் படம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு போய், எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். ஒரே ஒருவர் நின்றார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பாத்தியா, பாத்தியா!" என்று இவர் மனைவியின் கையைக் கிள்ளினார்.

அந்த ஆள் திரும்பினார். "சார், இங்க ஒரு பிளக் பாயிண்ட் இருந்துச்சே! படத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சா?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

படம் வீடு திரும்பி, சுவரைப் பார்த்து நின்றது. "இனிமே தூரிகையத் தொட்டா என் பேர மாத்தி வச்சுக்கறேன்" என்றார். தொடவும் இல்லை. சாயங்காலம் முழுக்க அவள் தையல் மேஜையையே சுற்றி வந்தார். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். பொத்தானுக்குக் காஜா எப்படி எடுப்பதென்று அவளுக்கே பாடம் நடத்தினார். இந்த மனுஷன் வரைந்துகொண்டிருந்ததே நமக்குச் செய்த உபகாரம் என்று தோன்றியது அவளுக்கு.

ஒரு நாள் அவர் பட்டறைக்குப் போயிருந்தபோது படத்தைத் திருப்பி வைத்து, எதிரே உட்கார்ந்து, முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். வெட்டுகிறவள் அவள்தான். துணி நழுவாமலிருக்க முழங்கையால் அழுத்திக்கொள்வாளே, அது அப்படியே இருந்தது. அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். "ஏங்க, நான் எந்தக் கையில வெட்டுவேன்?"

"இடது கையில."

"படத்துல வலது கையில இருக்கே!"

அவர் ஓடிவந்து பார்த்தார். "அட ஆமா! இத்தன நாளா ஏன் சொல்லல?"

"இன்னைக்குத்தானே பாத்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவரோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"யாருமே பாக்காதப்ப எதுக்குங்க வரையறீங்க?"

"பல்லு அடுத்தவங்க வாய்க்கு அளவா இருக்கணும். இதுக்கு அந்தக் கட்டாயமில்ல. கை தானா போகுது."

"அப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?"

"ஒருத்தராவது பாத்தா வேணாம்னா சொல்லப்போறேன்? போ, போய்க் கத்தரிக்கோல எடுத்துட்டு வந்து நில்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் வாக்குவாதம். காது பெரிதாகிவிட்டது என்பாள் அவள். உன் காது அப்படித்தான் என்பார் அவர். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் சமாதானம் பேசவே வந்துவிட்டாள். அவளையும் பிடித்து உட்கார வைத்து, காதைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.