ஒரே நாளில் எல்லாப் பெருநாளும்

துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த அந்த ஆரம்பப் பாடசாலையில் பொங்கல், நோன்புப் பெருநாள், கிறிஸ்து பிறந்த நத்தார், பௌத்தரின் வெசாக் எதுவும் தனித்தனியாகக் கொண்டாடப்படுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்துவிட அதிபர் லெஸ்லி வழி கண்டிருந்தார். அதற்கு நல்லிணக்க விழா என்று பெயர்.

நாலாம் வகுப்பு இன்பமலர் ரீச்சரும் லெஸ்லி போகும் மாதா கோயிலுக்குத்தான் போகிறவள். முன்வரிசையில் கண்ணை மூடிச் செபிப்பதுபோல் இருந்துகொண்டு, யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற மனிதர் அவர். அந்தக் கண்ணை அவள் பத்து வருடமாகக் கண்டு வந்தாள்.

இந்த வருடம் விழா நோன்பு மாதத்தின் நடுவில் வந்தது. கல்வி அதிகாரிக்கு அந்த வியாழன்தான் வசதியாம். கத்தோலிக்கருக்கும் அது தவக்காலம். தவக்காலத்தில் நத்தார் கேக் வெட்டுவது லெஸ்லிக்கு உறுத்தவில்லை.

விழாவுக்கு முந்திய கிழமை ஓட்டோ ஓடும் ஸெய்னுதீன் அதிபரிடம் வந்தார். அவருடைய மகள் அம்ரா இன்பமலரின் வகுப்பில் படிக்கிறாள். அந்த வருடம்தான் முதன்முதலாக முழு நோன்பும் பிடிக்கிறாள்.

“நோன்பு பிடிக்கிற பிள்ளையளைப் பதினொரு மணிக்கு விட ஏலுமா சேர்?”

“அதுக்குச் சுற்றறிக்கை வரோணும்,” என்றார் லெஸ்லி. அதே மூச்சில், “உங்கட வீட்டில வட்டிலப்பம் நல்லாச் செய்வினமாம். விழாவுக்கு ஒரு தட்டம் அனுப்புங்கோ.”

ஸெய்னுதீன் ஓம் என்றார். மகள் படிக்கிற இடம், வேறென்ன சொல்வார்? அவருடைய மனைவி அசனா நோன்போடு நின்று, ருசிகூடப் பார்க்காமல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மேடையில் வேட்டி கட்டிய பிள்ளை பொங்கலோடும், பஞ்சுத் தாடி ஒட்டிய பிள்ளை கேக்கோடும், வெள்ளை உடுப்புப் பிள்ளை பாற்சோற்றோடும் நின்றார்கள். கடைசியில் முக்காடு போட்ட அம்ரா, வட்டிலப்பத் தட்டத்தோடு. லெஸ்லிக்கு மதங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த நாலு சாப்பாடுதான்.

அதிகாரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரண்டி ஊட்டிக்கொண்டு வந்தார். படமெடுப்பவர் கூடவே நகர்ந்தார். அம்ராவின் முறை வந்தபோது பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு ரீச்சரைத் தேடினாள். கண் நிறைந்திருந்தது.

போன வருட விழாவில் படத்துக்காக வற்புறுத்தி ஊட்டப்பட்ட ஒரு பிள்ளை அழுதபோது இன்பமலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள். அதற்காகத் தன்னிலேயே அவளுக்கு இன்னும் அருவருப்பு இருந்தது. இந்த முறை மேடையில் ஏறினாள்.

“பிள்ளை நோன்பு, சேர்.”

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

லெஸ்லி இடையில் புகுந்தார். “விழுங்கத் தேவையில்லை ரீச்சர். வாயைத் திறந்துகொண்டு நிண்டாப் போதும். படத்துக்குத்தானே.”

“படத்துக்கெண்டா நீங்கள் திறவுங்கோ, சேர்.”

தவக்காலம் முடியும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று கோயிலில் ஊரறியச் சொன்ன மனிதர், கமராவைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், வாயைத் திறந்தார். படம் சரியாக விழவில்லை என்று இன்னும் இரண்டு தரம் ஊட்ட வேண்டியிருந்தது. இரண்டு தரமும் சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

போகும்போது அதிகாரி இன்பமலரிடம் விசாரித்தார். ஸெய்னுதீன் கேட்டதை அவள் சொன்னாள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் லெஸ்லி தொண்டையைச் செருமினார்.

“நான் நல்லா யோசிச்சு ஒரு முடிவெடுத்திருக்கிறன். நோன்பு பிடிக்கிற பிள்ளையள் பதினொரு மணிக்குப் போகலாம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். இன்பமலர் தட்டவில்லை. அனுமதியில்லாமல் மேடையேறியதற்கு விளக்கம் கேட்டு அவர் கொடுத்த கடிதம் அவள் கையில் இருந்தது. வகுப்புக்குப் போய் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்குக் கீழே வைத்தாள். பிறகு கணக்குக் கொப்பிகளை எடுக்கச் சொன்னாள்.