முன்னறிவிப்பின்றி

"அந்தம்மா வர்றது எங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்று கண்டெய்னர் யார்டு மேஸ்திரி சாட்சிக் கூண்டில் நின்று சொன்னபோது, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்ன அந்தம்மா அவள்தான்.

"யார் சொன்னது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"மேலேர்ந்து சொல்வாங்க. அடுத்து எந்த யார்டு, எத்தனை மணி வாக்குல, எல்லாம். நாங்க நம்பர் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டி வெச்சிருப்போம்."

அவளுடைய தொழில் இதுதான்: யாராவது ஒரு கம்பெனியில் தனியாகப் பணம் போடப் போகிறார்கள் என்றால், அந்தக் கம்பெனி காட்டுகிற சொத்து உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, எண்ணி, எழுதிக் கொடுப்பது. இருபத்திரண்டு வருட அனுபவம். தொழில் வட்டாரத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும், கேட்டால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஒரு பல் டாக்டரும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும் குளிர் கண்டெய்னர்களை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் பணம் போடுவதற்கு முன்னால் இவளை அமர்த்தினார்கள். ஐந்து யார்டு, யார்டுக்குப் பன்னிரண்டாக அறுபது கண்டெய்னர் என்று முதலாளி சொன்னார். அவள் இரண்டே நாளில் ஐந்து யார்டும் போனாள். ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே குளிர் இருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்து, நம்பரை எழுதினாள். அறுபது கண்டெய்னர், அறுபது வேறு வேறு நம்பர். "முன்னறிவிப்பின்றி நேரில் ஆய்வு செய்யப்பட்டது" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பல் டாக்டர் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தார்.

எட்டே மாதத்தில் முதலாளி கம்பி நீட்டிவிட்டார். போய்ப் பார்த்தால் மொத்தம் இருந்தது இருபத்து நான்கு கண்டெய்னர். ஓடிப்போனவரைப் பிடிக்க முடியாததால் டாக்டரின் கோபம் முழுக்க, ஓடாமல் வீட்டிலேயே இருந்த இவள் மேல் திரும்பியது. வழக்கில் இரண்டாம் பிரதிவாதி அவள். அலட்சியம் என்று தீர்ப்பானால் உரிமம் போய்விடும். இந்த வயதில் வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது.

அன்று கோர்ட்டு முடிந்ததும் அவளுடைய வக்கீல் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூசிமெழுகிப் பேசுகிற மனிதர். சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம், ஒன்றில்கூட முதுகு மடியவில்லை.

"மேடம், நீங்க எந்த யார்டுக்கு எப்ப போறீங்கன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நான் ஆபீஸ்ல கூடச் சொல்ல மாட்டேன்."

"வண்டி யார் ஓட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்."

வக்கீல் பேனாவைத் திறந்து ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். ஆனால் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் கோடு நீண்டுகொண்டே போய்விட்டது.

கணவர் கணக்கு வாத்தியார். காலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். அவளுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும் என்பதால், வெளியூர் ஆய்வுக்கெல்லாம் அவர்தான் வண்டி ஓட்டுவார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவரைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. இப்போது தேட ஆரம்பித்தவுடன் காரணங்கள் வரிசை கட்டி வந்தன.

இரண்டாம் நாள் டயர் பஞ்சராகி வண்டி ஒரு மணி நேரம் நின்றது. அப்போது அவர் தள்ளிப் போய்ப் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம்? அவருடைய பெரியப்பா மகன் டிரெய்லர் லாரி வைத்திருக்கிறான். கண்டெய்னரை இடம் மாற்ற டிரெய்லர் வேண்டும். "அடுத்து எங்க போறோம், அடுத்து எங்க போறோம்" என்று அந்த இரண்டு நாளும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அதுவாவது போகட்டும், நடுவில் வரிசையையே மாற்றச் சொன்னாரே, அது எதற்கு? எண்ணுவதையே தொழிலாக வைத்துக்கொண்டவள் எண்ண ஆரம்பித்தால் நிறுத்துவாளா?

அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். பஞ்சர் ஆன தேதியில், அந்த நேரத்தில், அந்த டிரெய்லர் தம்பிக்கு ஓர் அழைப்பு இருந்தது. பதினோரு நிமிடம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் போனை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "கேஸ் டென்ஷன்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ சின்னப் பொய் சொல்லியிருக்கிறாள்; ஆனால் அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னது இதுதான் முதல் முறை.

மறுநாள் வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பஞ்சர், பதினோரு நிமிடம், டிரெய்லர், எல்லாம். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. வக்கீலுக்கோ உற்சாகம் தாங்கவில்லை.

"மேடம், இதுதான் நமக்கு வழி. உங்க மேல அலட்சியம்னுதானே சொல்றாங்க? கூட இருந்தவரே தகவலை வெளிய விட்டுட்டார்னா அது உங்க அலட்சியம் இல்ல. டாக்டர் மாதிரி நீங்களும் ஏமாந்தவங்க. சாரை நான் கூப்பிட்டுப் பேசறேன். வாய் தவறிச் சொல்லிட்டேன்னு ஒரு வாக்குமூலம் போதும். அவருக்கு என்ன, உரிமமா போகப் போகுது?"

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"கேட்டுப் பார்ப்போமே."

இரண்டு நாள் கழித்துக் கணவர் வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பினார். சட்டையைக் கழற்றி மாட்டினார். எங்கே போனேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாலையில் வக்கீல் போன் செய்து, "சார் கையெழுத்துப் போட்டுட்டாரு மேடம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல" என்றார்.

அவள் ஆடிப்போய்விட்டாள். தப்பு செய்யாத மனுஷன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? அப்படியென்றால் உண்மைதான். அடுத்த அறையில் அவர் ஒரு பையனுக்குப் பின்னத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கீழ இருக்கிற நம்பர் பெருசாக ஆகப் பங்கு சின்னதாகும்டா, அவசரப்படாத" என்று எப்போதும் போல நிதானமாகச் சொன்னார். அந்த நிதானத்தைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு வாங்கினார்? அதை எங்கே ஒளித்து வைத்தார்? சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்று படுத்துக்கொண்டாள்.

அவளுடைய சாட்சிக்கு முந்தின நாள் காலை ஃபைலை எடுத்து மேசையில் விரித்தாள். கூண்டில் ஏறினால் தேதியும் நேரமும் தட்டாமல் சொல்ல வேண்டும். தன் குறிப்புத் தாளைப் பார்த்தாள்: முதல் யார்டு, இரண்டாம் யார்டு என்று ஐந்து வரை, பக்கத்தில் போன நேரம், வந்த நேரம். அதன் கீழே ஒப்பந்தத்தின் இணைப்பு, கம்பெனியே டைப் அடித்துக் கொடுத்த யார்டுப் பட்டியல். முகவரி சரிபார்க்கலாம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இங்கேயும் அதே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவள் எப்போதும் பட்டியலில் உள்ள வரிசைப்படிதான் போவாள். வரிசை மாறினால் தாள் குழம்பும், டிக் தப்பும், ஒன்று விட்டுப்போகும். அவளிடம் வேலை கற்ற பெண்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பூதக்கண்ணாடி வரிசை தவற மாட்டாள் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோருக்கும்.

வரைபடத்தை எடுத்தாள். ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய யார்டுகள் ஊரின் ஒரு கோடியில் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இரண்டும் நான்கும் மறு கோடியில். புத்தியுள்ள எவனும் இப்படிப் பட்டியல் போட மாட்டான், அவளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைக்கழிக்க நினைத்தவனைத் தவிர. அவள் இரண்டாம் யார்டில் குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முதல் யார்டின் பன்னிரண்டும் புது ஸ்டிக்கரோடு மூன்றாம் யார்டுக்குப் போய் நின்றிருக்கின்றன; அவள் மூன்றாவதில் இருந்தபோது இரண்டாம் யார்டின் பன்னிரண்டும் நான்காவதுக்கு. அவள் வண்டியிலிருந்து யாரும் போன் செய்யத் தேவையே இருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

அன்று வண்டியில் அவர் சொன்னது அவளுக்கு அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. "இது என்னம்மா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதையா இருக்கு! மூணாவது பக்கத்துலயே இருக்கே, அதைப் பார்த்துட்டுப் போயிடலாமே?" அவள்தான் எரிந்து விழுந்தாள்: "வண்டி ஓட்டறது உங்க வேலை. வரிசை என் வேலை." அன்று அவர் பேச்சைக் கேட்டிருந்தால் மூன்றாம் யார்டில் காலித் தரையைப் பார்த்திருப்பாள். பல் டாக்டரின் பணம் தப்பியிருக்கும், அவள் பெயரும் தப்பியிருக்கும்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவே, அவர் திருடனில்லை என்ற சந்தோஷமும் வெட்கங்கெட்டுப்போய் எட்டிப் பார்த்தது.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் வக்கீலிடம், "அவர் கையெழுத்துப் போட்ட தாளைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"அது பொய். தாக்கல் பண்ண வேணாம்."

"பொய்யோ மெய்யோ, உங்க உரிமம் அதுலதான் தொங்கிக்கிட்டிருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு. குடுங்க."

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அப்படின்னா முன்னறிவிப்பின்றின்னு நீங்க எழுதினது?" என்று கேட்டார்.

"தப்புங்க ஐயா. நான் யாருக்கும் தகவல் சொல்லல. ஆனா அவங்க குடுத்த வரிசையிலயே போனேன். அதுவே தகவல்தான்."

பல் டாக்டரின் வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். அவளுடைய வக்கீல் ஃபைலைப் படாரென்று மூடினார். தீர்ப்பு வர இன்னும் நாளாகும். ஆனால் உரிமம் போனது போனதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கணவர் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி, அந்த வாக்குமூலத்தை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க இதுல கையெழுத்துப் போட்டீங்க?"

"நீ கேட்கச் சொன்னதா வக்கீல் சொன்னார். உன் வேலை போயிட்டா நீ தாங்க மாட்டே. சரி, என் பேர் கெட்டா கெட்டுட்டுப் போகுதுன்னு போட்டேன்."

"தம்பிக்குப் போன்?"

"பஞ்சர் கடை எங்க இருக்குன்னு கேட்டேன். அப்படியே அவன் பொண்டாட்டி சண்டையைப் பத்து நிமிஷம் சொல்லி அழுதான்." சொல்லிவிட்டுத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "என் போனைப் பார்த்தியா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே பட்டியல், வரைபடம், வரிசை எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரி மூணாவதுக்குப் போயிருக்கணுங்க. நான்தான் முட்டாள். என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பாடம் எடுப்பவர், யார் சொன்னாலும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"சரி" என்றார். "அந்த ரெண்டு தாளும் நேத்து உன் கண்ணுல படாம இருந்திருந்தா?"

"என்னங்க?"

"பட்டதால தெரிஞ்சுது, வாபஸ் வாங்கிட்டே. படலன்னா, இன்னைக்கு உள்ள போய் என்னைப் பத்தி என்ன சொல்லியிருப்பே?"

அவர் திட்டவில்லை, குரலும் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இன்று காலைதான் ஒரு பொய்த்தாளைத் திருப்பி வாங்கியிருந்தாள். இன்னொன்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் வண்டியைக் கிளப்பினார்.