தீரேந்திரன் கதவைப் பூட்டிய பகுதி

தீரேந்திரன் அந்தப் பெண்ணை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டியதும், பாடாலூர் கொட்டகையில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனைக் காலிக் குண்டானுக்குள் வைத்து ஆடியோ தொடர்கதையை ஓடவிட்டிருந்தாள் மேகலா. பக்கத்தில் அவள் அம்மா ஜெகதாம்பாளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நாசமாப் போறவன்," என்றாள் வேம்பு, ஆசை ஆசையாக. "சத்தத்தக் கூட்டு புள்ள."

மேகலாவுக்குத் தீரேந்திரனைப் பிடிக்கும். கொலைகாரன், ஆள் கடத்துகிறவன், நல்ல புத்தி மருந்துக்கும் கிடையாது. இருந்தும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் அறுப்பதை விட்டுக் குண்டான் பக்கம் நகர்ந்துவிடுவாள். அதற்காக அவள் யாரிடமும் கூசியதில்லை. பிடிக்காத இடம் வந்தால் விரலால் ஒரு தட்டு, வாயை மூடிக்கொள்வான்.

வேம்பு சும்மா இருந்திருக்கலாம். மேகலாவின் தாய்மாமன் மகன் ராஜராஜன், பைக் பட்டறை வைத்திருப்பவன், இரண்டு தடவை பெண் கேட்டு இரண்டு தடவையும் அவள் மாட்டேன் என்றிருந்தாள். அவனிடம் போய், "ஒன் அத்த மவளுக்கு முரடனத்தான்டா புடிக்கும்," என்று வேம்பு விளையாட்டாகச் சொல்லிவைக்க, அந்த மடையன் நாற்பது பகுதியையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவளைப் பட்டறைக்குள் இழுத்துப் போட்டு ஷட்டரை இறக்கினான். "நீ எனக்கு மட்டும்தான்" என்று தீரேந்திரன் குரலிலேயே சொன்னான். வளையல் உடைந்து மணிக்கட்டில் இறங்கியது. கால் வீங்குமளவுக்கு அவள் ஷட்டரை உதைத்த பிறகுதான் டீக்கடைக்காரர் ஓடிவந்து அதைத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜராஜனின் அப்பா, மாமன் நல்லுசாமி தாம்பாளமும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"ஊரே பேசுதும்மா. புதன்கெழம பூ வச்சிருவோம். முறைதான, தப்பில்ல. ஒனக்குப் புடிக்கும்னு நெனச்சிட்டான் பய."

மேகலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தபடி, "கதையில அவனும் அதானடி பண்றான். அவன மட்டும் புடிக்கிதுல்ல?" என்றாள்.

மேகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூடவே உட்கார்ந்து கேட்டவள், கதாநாயகி அழுதபோது மூக்கைச் சிந்தியவள், இவளா பேசுகிறாள்?

"புடிக்கும். இன்னமும் புடிக்கும். நான் நிறுத்துனா அவன் நின்னுருவான். ஒன் அண்ணன் மவன் நின்னானா? நாப்பது தடவ விடுடான்னு கத்துனேன், நின்னானாம்மா?"

மேகலா எழுந்தாள். "பெரம்பலூர் மகளிர் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்று செருப்பை மாட்டினாள்.

"மாமன் சொல்றேன், நில்லும்மா," என்று நல்லுசாமி தெருவரைக்கும் வந்தார். அவள் திரும்பவில்லை.

ரோட்டில் வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது யாரோ பின்படியில் தொற்றி ஏறினார்கள். மூச்சிரைப்பு தெரிந்த மூச்சிரைப்புதான், அம்மாவுடையது. அது அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, பின்சீட்டில் உட்கார்ந்தது. தடுக்க வந்தாளா, கூட வந்தாளா?

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"பெரம்பலூர்," என்றாள் மேகலா.

கண்டக்டர் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.