சீட்டு மட்டும் போதும்

பைக் விலைக்கு ராஜா வீட்டுக் கார் மாதிரி ஒரு பழைய சொகுசுக் கார் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? சோபா மெத்தைக்காரரும் விடவில்லை. வாங்கியதோடு செலவு முடிந்தது என்று நினைத்தாரே, அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

டயர் விலையைக் கேட்டபோது தலை சுற்றியது. முன்விளக்கு ஒன்றுக்கு ஆன செலவில் தெருவுக்கே விளக்குப் போட்டிருக்கலாம். டீசலோ, கேட்கவே வேண்டாம். மெக்கானிக் இவரைக் கண்டாலே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

போனதெல்லாம் புதுத் தையல் மெஷினுக்குச் சேர்த்த பணம். இவர் வெட்டிக் கொடுப்பதைத் தைப்பது இவருடைய வீட்டுக்காரம்மா. பழைய மெஷின் தடித்த தோலைக் கண்டால் அப்படியே நின்றுவிடும். பிறகு கையால்தான் குத்தித் தைக்க வேண்டும். பாவம், விரலெல்லாம் பிளாஸ்திரி.

“இந்த மாசத்துக்குள்ள மெஷின் வரணும், இல்ல கார் போகணும்,” என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மெத்தைக்காரருக்கு விற்க மனசே இல்லை. இருவரும் சேர்ந்து அந்தக் காரின் சீட்டுகளுக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள். அதில் சாய்ந்தால் உலகமே மறந்துபோகும். ஆனாலும் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு விளம்பரம் கொடுத்தார்.

வந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் வருவதற்குள் இன்னொரு கூத்து. காரைத் தூக்கி நிறுத்தும் பின்பக்கக் காற்றுப் பை ஒன்று கிழிந்திருந்தது. புதுசு யானை விலை. நம்மவர் சும்மா இருப்பாரா? சோபா ரெக்சினை வெட்டி, பசை தடவி ஒட்டிவிட்டார்!

டாக்டர் சாவியைத் திருப்பினார். கார் ஜம்மென்று எழுந்தது. உடனே ‘புஸ்ஸ்’. பின்பக்கம் ஒரு மூலை தரையில் உட்கார்ந்துவிட்டது. மெத்தைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உங்களுதும் உக்காந்துருச்சா?” என்று டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்கிட்டயும் இதே வண்டிதான் சார் இருக்கு. உதிரி பாகத்துக்காக இன்னொண்ணு தேடி அலையறேன்.” பிறகு சீட்டின் தையலைத் தடவிப் பார்த்தார். “யாரு தைச்சது?”

“நான்தாங்க,” என்றார் வீட்டுக்காரம்மா.

“வண்டி வேணாம்மா. சீட்டு மட்டும் போதும். என் கிழிஞ்ச சீட்டை நீங்க எடுத்துக்கங்க.” சொன்ன விலையில் மெஷினே வாங்கலாம்.

“முழு வண்டிக்கே இவ்வளவு தரமாட்டாங்களே சார்?” என்றார் மெத்தைக்காரர்.

“சீட்டு டீசல் கேக்காதுல்ல!”

மெத்தைக்காரர் கடைசியாக ஒரு முறை சீட்டில் சாய்ந்து பார்த்தார். பிறகு ஸ்பேனரை அவரே எடுத்துவந்து, சீட்டுகளை அவரே கழற்றிக் கொடுத்தார்.

மெஷின் வந்து இறங்கியது. மெத்தைக்காரர் அவசர ஆர்டர் சோபாத் துணியை எடுத்து வைத்தார். வீட்டுக்காரம்மா அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, டாக்டரின் கிழிந்த சீட்டு ஒன்றை இழுத்து வந்தார்.

“என்னம்மா, சோபா?”

“அது கெடக்கட்டும். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நீங்க அந்தக் காரைச் சுத்திச் சுத்தி வர்றதைப் பாக்கச் சகிக்கல. தோலை வெட்டிக் குடுங்க.”

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்திரியை எடுத்தார்.

“அப்புறம் அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. இந்த வண்டியை வாங்கிட்டு முழிக்கிறவங்க இன்னும் எத்தனை பேர்னு கேளுங்க. எல்லாருக்கும் சீட்டு நாமளே தைப்போம். இனிமே உங்க காருக்கு அவங்க செலவு பண்ணட்டும்!”