காதில் ஈர்க்குக் குச்சி

காளியாயியின் காதில் தோடு இல்லை, இரண்டு ஈர்க்குக் குச்சிகள்தான். ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிக்கொண்டு வார்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலை எட்டரை மணி. அடுத்த ஒப்பரேஷன் அவளுக்கு.

முப்பத்திரண்டு வருசம் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்த முழங்கால், இப்போது லயத்து வீட்டு வாசற்படிக்கே மல்லுக்கு நின்றது. மூட்டு மாற்ற மூன்று வருசம் காத்திருந்து கிடைத்த நாள் இது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் ஜீவராஜ் லீவு போட்டு வந்திருந்தான்.

"எது கேட்டாலும் இல்லன்னு சொல்லும்மா. வாயத் தொறந்தா திருப்பி அனுப்பிருவாங்க" என்று பஸ்ஸிலேயே பாடம் நடத்திவிட்டான். படிவத்தில் 'ஒவ்வாமை' என்ற இடத்திலும் அவனே 'இல்லை' என்று எழுதினான். கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் அம்மாவின் காது புண்ணாகி நீர் வடியும். சேலையில் குத்தும் ஊக்கு பட்ட இடம்கூடத் தடித்துப் போகும். எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் கவரிங் ஒத்துக்கொள்ளாததை நம் ஆட்களில் யார் ஒரு நோயாக நினைத்தார்கள்? ஈர்க்கை ஒடித்துச் சொருகினால் வைத்தியம் முடிந்தது.

கடைசியாகச் சரிபார்க்க நர்ஸ் சுலக்ஷனா வந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். குச்சியைக் கண்டதும் நின்றாள்.

"என்னம்மா, ஈர்க்கு சொருகியிருக்கீங்க? கவரிங் ஒத்துக்காதா?"

காளியாயி மகனைப் பார்த்தாள்.

"நகைய வீட்டுல வச்சிட்டு வரச் சொன்னாங்களே மிஸ். ஓட்ட தூந்துறக் கூடாதுன்னு சொருகினது" என்றான் ஜீவராஜ். பொய் தடங்கலில்லாமல் வந்தது. சுலக்ஷனா குச்சிகளைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். தியேட்டர் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. காளியாயி மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, உள்ள வைக்கிறது தங்கமாப்பா?"

"இல்லம்மா. வேற என்னமோ உலோகம்."

"காதுல அரிச்சப்ப கழட்டி வீசிட்டேன். காலுக்குள்ள அரிச்சா எப்புடிப்பா கழட்டுறது?"

வண்டி நகர்ந்தது. இப்போது வாயைத் திறந்தால் மூன்று வருசக் காத்திருப்பு போச்சு. திறக்காவிட்டால்? கதவு விரிந்தது.

"மிஸ், நிப்பாட்டுங்க! நான் பொய் சொல்லிட்டேன்!"

டொக்டர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிங்களத்தில் சொன்னதை, சுலக்ஷனா தமிழில் சொன்னாள்.

"தோல்ல அரிக்கிற எல்லாருக்கும் உள்ள பிரச்சின வரும்னு இல்ல. ஆனா கவரிங்ல இருக்கிற நிக்கல் சில மூட்டுலயும் கலந்திருக்கு. முன்னமே தெரிஞ்சா சோதிச்சுப் பாத்து, தேவைன்னா வேற மூட்டு வைக்கலாம். இன்னைக்கு ஒப்பரேஷன் இல்ல."

அவன் பயந்ததுதான் நடந்தது. திங்கட்கிழமை சோதனை, புது நாள் அதற்குப் பிறகு. காளியாயி குச்சிகளை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டாள். பழைய முழங்காலோடு நொண்டி நொண்டிக் கட்டிலுக்குத் திரும்பினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் நீரிழிவுள்ள தன் அப்பாவுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். "சீனி வருத்தத்த எழுதாத புள்ள, நாள் தள்ளிப் போயிரும்" என்றார் அப்பா.

ஜீவராஜ் எழுந்து அவளருகே போனான்.

"எழுதிருங்க தங்கச்சி. நாள் போனா இன்னொரு நாள் வரும். சின்ன அரிப்பா இருந்தாலும் டொக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. நான் மறச்சேன். தப்பிச்சது எங்கம்மா கேட்ட ஒரு கேள்வியால."